திறப்பதற்கான அளவு

ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டேப்பின் நுனியை நிலையின் மூலையில் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமூலைவரை இழுத்துப் போய் எண்ணைப் படிக்க வேண்டும். நான் வேலைக்குத் தனியாகத்தான் போவேன். அதனால் நுனியைப் பிடிப்பவர் எப்போதும் அந்த வீட்டுப் பெண்தான். பெரும்பாலும் வீட்டிலேயே வயதில் சிறியவள். மகள் அல்லது மருமகள். காசு கொடுப்பவர் நாற்காலியில் உட்கார்ந்து, எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்வார்.

வல்லத்திராக்கோட்டையிலும் சுற்று ஊர்களிலும் இருபது வருடமாகத் தைக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், அதோடு ஸ்கிரீன். அந்த இருபது வருடத்தில் டேப்பின் மறுநுனியைப் பிடித்த கைகளில் ஒரு கையை என்னால் மறக்க முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு ஜன்னலைச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது மண்சுவர் வைத்த கூரை வீடு. தெருப்பக்கச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல். இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், நான்கு மரக்கம்பிகள். கதவு கிடையாது. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டு நின்று, தைல மரக் கட்டை ஏற்றிப்போகும் லாரிகளை எண்ணுவேன். 1997இல் பெரியவளானேன். தண்ணீர் ஊற்றி, புதுத் துணி உடுத்தி, என்னை வீட்டுக்குள் அழைத்தபோது ஜன்னலில் அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலை இருந்தது. மடித்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தார்கள். மேலே மட்டும் அடித்திருந்தால் ஓரத்தை விலக்கிப் பார்க்கலாம். கீழேயும் அடித்திருந்தது.

அடித்தது அப்பத்தா இல்லை, அப்பா இல்லை. அம்மா.

எங்கள் அம்மா சைக்கிள் ஓட்டுவார். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, களத்துமேட்டில் சாயங்காலம் நடந்த வகுப்பில் உட்கார்ந்து எழுத்தும் எண்ணும் கற்றவர். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த லட்சத்தில் என் அம்மாவும் ஒருவர். அப்பாவின் பார் வைத்த சைக்கிளில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, பின்னால் கடலை மூட்டையோடு ஆலங்குடி வரைக்கும் போய் வந்தவர். தெரு முழுக்கப் பேசியது. அம்மா காதில் வாங்கவில்லை.

அந்த அம்மாவிடம்தான் கேட்டேன். “நீ மட்டும் சைக்கிள்ல ஆலங்குடி வரைக்கும் போற?”

“நான் போறது வேலைக்கு. நீ பாக்குறது எதுக்கு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது யோசித்தால் அந்தக் கேள்விதான் முழு விஷயமும் என்று தோன்றுகிறது. காரணம் இருந்தால் பெண் வெளியே போகலாம். களைவெட்ட, தண்ணீர் எடுக்க, ரேஷன் வாங்க, ஆஸ்பத்திரிக்கு, குழுக் கூட்டத்துக்கு. காரணமே இல்லாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு இடமில்லை. அது ஆண்களுக்கு டீக்கடை பெஞ்சில் தினமும் கிடைக்கிறது. அவர்களை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

பத்தாவதோடு படிப்பு நின்றது. தையல் பழகினேன். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன பிறகு, மகளிர் குழுக் கடனில் மிஷின் வாங்கினேன். ஊரில் ஓட்டு வீடுகளும் கூரை வீடுகளும் ஒவ்வொன்றாக மெத்தை வீடாகின. வெளிநாட்டுச் சம்பளத்தில் பெரிய பெரிய ஜன்னல்கள் வந்தன. பெரிய ஜன்னல் வைத்த கையோடு அதை மூடத் துணி கேட்டார்கள். அப்படித்தான் ஸ்கிரீன் தைக்க ஆரம்பித்தேன்.

அளவெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். துணி டேப் நாளாக ஆக இழுபட்டுவிடும். ஜன்னலுக்கு ஸ்டீல் டேப்தான் சரி. அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். சுவர்கள் நேராக நிற்பதில்லை; அரை அங்குலம், முக்கால் அங்குலம் வித்தியாசம் வரும். நிலைக்குள்ளேயே திரை தொங்க வேண்டுமென்றால் மூன்றில் குறைந்த அளவை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே சுவரில் தொங்குவதென்றால், நாலடி அகல ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஆறாறு அங்குலம் சேர்த்து ஐந்தடிக் கம்பி. துணியின் அகலம் கம்பியைப் போல இரண்டு மடங்கு, பத்தடி. அப்போதுதான் கொசுவம் விழும். உயரத்துக்கு நிலையின் மேலே நாலு அங்குலம், கீழே ஆறு அங்குலம். மேல் மடிப்புக்கு நாலு, கீழ் மடிப்புக்கு நாலு. பருத்தி என்றால் நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் பாவாடை மாதிரி ஏறிக்கொள்ளும். கடையில் தைத்து விற்பவை பெரும்பாலும் ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி. அதில் அடங்காத ஜன்னல்கள்தான் என்னிடம் வருகின்றன.

இதில் கம்பியின் நீளத்தைக் கவனியுங்கள். கம்பியை நிலையின் அளவுக்கே வெட்டினால், திரையை முழுக்கத் திறந்தாலும் ஒதுங்கிய துணி இரண்டு ஓரத்திலும் ஏழெட்டு அங்குலத்தை அடைத்துக்கொள்ளும். நாலடி ஜன்னலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கம்பி நீளமாக இருந்தால் துணி சுவர்ப்பக்கம் ஒதுங்கி, ஜன்னல் பெரும்பாலும் கிடைக்கும். மூடுவதற்கு நிலையளவுக் கம்பி போதும். கூடுதல் ஓர் அடி திறப்பதற்காக. எல்லோரும் என்னிடம் மூடுவதற்குத்தான் அளவு சொல்கிறார்கள். திறப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்பது எனக்கே வெகுநாள் மனதில் ஏறவில்லை.

2015இல் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். மகன் சிங்கப்பூரில். வீட்டில் மாமியாரும் மருமகளும், பிறந்து நான்கு மாதமான குழந்தையும். தெருப்பக்கத்து அறையில் நாலடிக்கு நாலடி ஜன்னல், ஓரத்தில் கட்டில். மாமியார் எடுத்து வைத்திருந்தது கெட்டியான மெரூன் துணி.

“மேலயும் கீழயும் ஸ்பிரிங் கம்பி போட்டு இழுத்துக் கட்டிரு ஆத்தா. காத்துல பறக்கக் கூடாது. மகன் போன்ல நூறு தடவை சொல்லிட்டான்.”

அந்தப் பெண் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எண்ணைப் படித்து நோட்டில் எழுதும்போது, குனிந்த தலையோடு மெதுவாகச் சொன்னாள். “அக்கா, ஓரத்துல ஒரு இஞ்ச் கொறச்சுக்கங்களேன்.”

நான் மெதுவாகப் பேசவில்லை. “ஒரு இஞ்ச் கொறஞ்சா சந்து தெரியும்மா. அசிங்கமா இருக்கும்.”

“என்ன கேக்குறா?” என்றார் மாமியார்.

“ஒண்ணுமில்ல பெரியம்மா. துணியை மிச்சம் புடிக்கச் சொல்லுது.”

மூவரும் சிரித்தோம். அவளும்தான். வீட்டுக்கு வந்து, சந்து விழவே கூடாது என்று இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டி வெட்டினேன். மாட்டிவிட்டு வந்தபோது திரை டிரம்முக்குத் தோல் கட்டியது போல நின்றது. நல்ல வேலை என்று எனக்கே பெருமையாக இருந்தது. நான்கு ஆணி அடித்த ஜன்னலுக்குள் வளர்ந்தவள் நான். அவள் கேட்டது என்னவென்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும், காசு கொடுப்பவரின் அளவையே எடுத்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மாவட்டத்தின் வழியாகப் போனது. ஒரே ராத்திரியில் தென்னையும் பலாவும் சாய்ந்தன. அம்மா வீட்டுக் கூரை பறந்தது. கரண்ட் வர வாரக்கணக்கானது. அந்த நாட்களில் ஊரே தெருவில்தான் இருந்தது. சமைத்ததும் தெருவில், பிள்ளைகள் தூங்கியதும் தெருவில். அந்தப் பெண்ணை நான் முதல்முறையாக வாசலுக்கு வெளியே பார்த்தது அப்போதுதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, விழுந்து கிடந்த தென்னை மரத்தின் மேல் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் மாமியாரும் பக்கத்தில்தான் இருந்தார். வானம் இடிந்து விழவில்லை. கரண்ட் வந்தது, எல்லோரும் உள்ளே போனோம்.

பொங்கல் கழித்து அந்த மாமியார் ஒயர்க் கூடையில் திரையைக் கொண்டுவந்தார். “புயல் மழையில நனைஞ்சு கறையாப் போச்சு. எலி வேற கடிச்சிருக்கு. ஒட்டுப் போட்டுக் குடு ஆத்தா.”

விரித்துப் பார்த்தேன். பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. ஓரம் முழுக்க, நூல் பிரியாதபடி காஜா எடுத்திருந்தது. சட்டைப் பொத்தானுக்கு எடுப்போமே, அதே காஜா, கைத்தையலில், மெரூன் நூலில், நெருக்கமாக.

எலி காஜா எடுக்காது.

அன்று ராத்திரி பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஜன்னலின் கீழ்க்கட்டை தரையிலிருந்து 30 அங்குலம். அந்த ஓட்டை கீழ்க்கட்டை படும் இடத்திலிருந்து 14 அங்குலம் மேலே. மொத்தம் 44. கட்டிலின் உயரம் ஒன்றரை அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அதில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒரு பெண்ணின் கண், பலகையிலிருந்து 27 அங்குலத்தில் இருக்கும். கூட்டினால் அதே 44. டேப் இல்லாமல் அவள் அளவெடுத்திருந்தாள். நான் எடுக்காமல் விட்ட அளவு அது.

அதே மெரூனில் மெல்லிய வாயல் துணி வாங்கி, ஓட்டையின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுப் போட்டேன். மெல்லிய துணியின் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும். பகலில் தெரு வெளிச்சம், வீடு இருட்டு. உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. ராத்திரி வீட்டில் லைட்டைப் போட்டால் அப்படியே தலைகீழாகிவிடும்.

நானே கொண்டுபோய் மாட்டினேன். மாமியார் தெருவில் நின்று பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியல, சரி” என்றார். உள்ளே அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பகல்ல மட்டும்மா. ராத்திரி லைட்டப் போட்டா வெளியேருந்து தெரியும்.”

“தெரியும்க்கா” என்றாள். மூன்று வருடமாகத் தெரிந்திருக்கும்.

“அன்னைக்கு ஒரு இஞ்ச் கேட்டியே...”

“பரவால்லக்கா.”

கூலி நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் சொன்ன ‘பரவால்ல’ எனக்கு இன்னும் பரவாயில்லை என்று ஆகவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் என் அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் புதுக்கோட்டையில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பஸ்ஸில் போய் வருகிறாள். கேட்டுவிட்டு அவள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொன்னாள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஊரில் எதிர்ப்பு இருந்தும் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுக்க, மன்னர் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். வகுப்பில் பையன்கள் கண்ணில் படாதபடி அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துத்தான் பாடம் நடத்தினார்களாம். திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுப் படித்தவர் 1912இல் டாக்டர் ஆனார். பிறகு சட்டமன்றத்துக்குப் போய், தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கேட்டார்.

எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். அந்தத் திரைக்கும் யாரோ அளவெடுத்திருப்பார்கள். எத்தனை அடி, எந்தப் பக்கம் கம்பி என்று பேசியிருப்பார்கள். பாதியில் பார்வை மறையாமல் கரும்பலகை அவருக்குத் தெரிகிறதா என்று யாராவது கேட்டிருப்பார்களா?

அண்ணன் மகள் இன்னொன்றும் சொன்னாள். கிட்டத்தட்ட அதே காலத்தில், 1905இல், வங்காளத்துப் பெண் ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற ஆங்கிலக் கதை சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற பத்திரிகையில் வெளியானதாம். அந்தக் கதையில் ஒரு நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெண்கள் வெளியே நாட்டை நடத்துகிறார்கள்.

“ஊர்ல இருக்க ஆம்பளை எல்லாருக்கும் ஸ்கிரீன் தைக்கணும்னா எவ்வளவு துணி ஆகும் அத்தை?” என்று கேட்டுச் சிரித்தாள். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தது உண்மை.

சிரித்து முடித்ததும் கேட்டாள். “நீங்க போட்ட ஒட்டும் திரைதானே அத்தை? அவங்க பாக்கலாம், அவங்களை யாரும் பாக்கக் கூடாது. அந்தப் பாட்டிகிட்டயே நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த வீட்டு வேலை போயிருக்கும், அவர் சொந்தக்காரர்கள் வீட்டு வேலையும் போயிருக்கும். வேலை போகும் என்று பயந்ததைத் தந்திரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. அந்தப் பெண் செய்ததுதான் துணிச்சல். நான் அதற்கு ஒட்டுப் போட்டேன், அவ்வளவுதான். அந்தக் குடும்பம் இப்போது வெளியூரில் இருக்கிறது. அங்கே அவளுக்கு எப்படிப்பட்ட ஜன்னல் வாய்த்ததோ.

ஆனால் அதற்குப் பிறகு என் நோட்டில் இரண்டு வரி கூடியிருக்கிறது. அகலம், உயரம், கம்பி, துணி என்று எழுதியதற்குக் கீழே, ‘யார் உட்கார்வார்? எங்கே?’ என்று எழுதுகிறேன். டேப்பைப் பிடித்திருக்கும் பெண்ணிடம், காசு கொடுப்பவர் காது கேட்கவே கேட்கிறேன். “நீ எங்கம்மா உக்காருவ? தரையிலயா, கட்டில்லயா?” பாதி வீடுகளில் பதில் நாற்காலியிலிருந்து வரும். “அவளுக்கு உக்கார ஏது நேரம்?” நான் மறுபடியும் அவளையே பார்த்துக் கேட்பேன். உட்காரச் சொல்லி, தரையிலிருந்து கண்வரை டேப்பைப் பிடிப்பேன். சில பெண்களுக்கு வெட்கம் வரும். தன் உயரத்துக்கு வீட்டில் ஒரு சாமான் அளவெடுக்கப்படுவது அவர்களுக்கு அதுதான் முதல்முறை. ஒரு வீட்டில் இதற்காகவே என்னை வேண்டாம் என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு கம்பி போடச் சொல்கிறேன். பகலுக்கு மெல்லிய துணி, ராத்திரிக்குக் கெட்டித் துணி. கம்பியை நீளமாக வைக்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், “காத்து வரணும்ல பெரியம்மா” என்பேன். காற்று என்றால் யாரும் மறுப்பதில்லை. ஜன்னல் என்பது போர்ச்சுகீசியர் கொடுத்துப்போன சொல்லாம். பழைய தமிழில் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்து விண்டோவின் வேர்ச்சொல்லுக்குக் ‘காற்றின் கண்’ என்று பொருளாம். இதுவும் அண்ணன் மகள் சொன்னதுதான். நானும் காற்றைச் சொல்லித்தான் கண்ணுக்கு இடம் வாங்குகிறேன்.

அம்மாவுக்கு இப்போது வீடு வந்திருக்கிறது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, பட்டா அம்மா பேரில். சுவர் எழும்போது கொத்தனார் ஜன்னலை எல்லா வீட்டையும் போல மூன்றடி உயரத்தில் வைக்கப் போனார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் நாற்காலி பிடிக்காது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால்தான் அவருக்கு உட்கார்ந்த மாதிரி. சுவரோரம் உட்காரவைத்து அளந்தேன். தரையிலிருந்து கண் 27 அங்குலம். மூன்றடி என்பது 36. அப்படியே விட்டிருந்தால் சாகும்வரை அம்மாவுக்கு அந்த ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“ரெண்டடியில வைங்க” என்றேன்.

“அவ்வளவு தாழவா? தெருவுல போற வர்றவனெல்லாம் உள்ள பாப்பான்க்கா” என்றார் கொத்தனார்.

அம்மா தரையில் இருந்தபடியே சொன்னார். “பாத்துட்டுப் போறான். நானும் பாக்குறேன்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். நைலக்ஸ் சேலையும் நான்கு ஆணியும் அவருக்கு நினைவிருந்ததா தெரியவில்லை. நான் கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஜன்னலில் வாயல் திரை இருக்கிறது, சுவர்வரை நீண்ட கம்பியில். இழுக்கும் கயிற்றைத் தரைவரை தாழ்த்தி, அம்மா உட்காரும் பக்கம் விட்டிருக்கிறேன். சாயங்காலம் போனால் திரையை ஒதுக்கிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ரோட்டில் போகும் கட்டை லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அரசு சைக்கிளில் போவார்கள். யாராவது சம்பந்தி முறைக்காரர் வந்தால் மட்டும் சரக்கென்று திரையை இழுத்துவிட்டு எழுந்துகொள்வார். அவர் போனதும் மறுபடி திறப்பார்.

“என்னம்மா பாக்குற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“சும்மாதான்” என்றார்.